வெள்ளத்தாய் அக்காவும் 'அந்தக் கேசட்'டும்

மதியச் சாப்பாடு முடிந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேசட் கடை ஆறுமுகம் அண்ணாச்சி மொபெட்டில் வந்து வாசலில் இறங்கினார். அவர் கடையை விட்டு வெளியே வரும் நேரம் அல்ல அது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொம்பைத் திரும்பக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, இப்ப ஒரு ஆளு கடைக்கு வந்து அந்தக் கேசட்டு ஒண்ணு குடுங்கன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் கெடந்துச்சு, குடுத்தேன். யாருக்குங்க, எந்தத் தெருன்னு கேட்டேன். பாடுன அம்மாவுக்குத்தான்னுட்டுப் போயிட்டாரு."

ஆள் அடையாளம் கேட்டேன். வந்தவர் வெள்ளத்தாய் அக்காவின் மருமகன். 'எங்கள் மாமியார் இறந்துவிட்டார்' என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. பாடிய அம்மா! பெயர் இல்லாத பெண்பிள்ளை மாதிரி. துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு அண்ணாச்சியின் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மில்லில் எங்களோடு கோன் வைண்டிங்கில் நூல் சுற்றிய பெண்களே, அக்கா வீட்டுத் தெருக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குச் செய்தியே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். இராஜபாளையத்தில் வட்டிக்கடைக்காரர் வீட்டு நாய் செத்தால்கூடக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டுவார்கள். ஊரில் பாதி வீட்டுச் சாவுக்கு அழுத மனுஷிக்கு ஒரு துண்டுத் தாள் ஒட்டப்படவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

'அந்தக் கேசட்' என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியட்டும்: அது ஒப்பாரிக் கேசட். எண்பதுகளின் நடுவில் மதுரைக் கம்பெனி ஒன்று போட்டது. அட்டையில் 'வெள்ளத்தாய் குழுவினர்' என்று அச்சடித்திருந்தார்கள். குழுவினர் என்பது நானும் இன்னொரு பெண்ணும். அக்கா அழுவார், நாங்கள் இரண்டு பேரும் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுப்போம்.

அக்கா தொழிலுக்குப் பாடியவர் அல்ல. தெருவில் யாராவது இறந்தால் பெண்களோடு போய் உட்கார்ந்து அழுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் அழுவதைக் கேட்டு அழுவார்கள். அப்படி ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த கம்பெனி ஆள் அக்காவின் குரலைக் கேட்டுவிட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா வீட்டைத் தேடி வந்து கேசட் போடலாம் என்றார். புருஷனை இழந்து, செல்வி என்ற ஒரே மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த அக்கா யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மதுரையில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் சாக்கு ஒட்டியிருந்தது. சத்தம் வரும் என்று காற்றாடியை நிறுத்திவிட்டார்கள். உருமிக்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாரும் தயார். அக்காவுக்கு வாய் திறக்கவில்லை.

"என்னம்மா, ஆரம்பிங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"யாரு செத்தது?" என்று கேட்டார் அக்கா.

"யாரும் சாகலம்மா. சும்மா பாடுங்க."

"சும்மா அழுறதுக்கு நான் என்ன கிறுக்கியா? செத்தது ஆம்பளையா, பொம்பளையா, அப்பனா, மகனான்னு தெரிஞ்சாத்தான ஒரு சொல்லு வரும்?"

கம்பெனிக்காரர் திகைத்துவிட்டார். ஒலிப்பதிவுக்காரர் நல்லெண்ணத்தில் ஒரு நாற்காலிக்கு மாலை போட்டு எதிரே வைக்கலாமா என்று கேட்டார். அக்கா பார்த்த பார்வையில் அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலேயே போய்விட்டார். ஆனால் அக்காவின் கேள்வியில்தான் ஒரு வழியும் பிறந்தது. ஏ பக்கம் ஆம்பளைக்கு, பி பக்கம் பொம்பளைக்கு என்று முடிவானது. ஏ பக்கத்துக்கு அக்கா தன் புருஷனை நினைத்துக்கொண்டு அழுதார். பி பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மகள் தன் தாயைக் கூப்பிட்டு அழுவது போல அழுதார். அதுவரை அக்கா அப்படி அழுது நான் கேட்டதில்லை. எதிர்க்குரல் கொடுக்க எனக்குத் தொண்டை வரவில்லை. இன்றைக்கும் கேசட்டில் அந்த இடத்தில் இரண்டு குரல்தான் இருக்கும், என் குரல் இருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், யாரை நினைத்து அழுதீர்கள் என்று.

"என்னையத்தான்" என்றார். "நான் செத்தா செல்விக்கு அழத் தெரியாதுட்டி. படிக்கிற புள்ள. தொண்டைய அடச்சுக்கிட்டு மூலையில நிப்பா. அதான் அவளுக்கும் சேத்து நானே அழுது வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது கடலை வாங்கித் தின்றோம்.

கேசட் வந்தது. வந்த நாளிலிருந்து ஓடியது. சினிமா கேசட்டுகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். படம் ஓடும்வரை ஓடும், பிறகு தூசி படியும். அக்காவின் கேசட் மேசைக்குக் கீழே டிராயரில் கிடக்கும். யாரும் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். கடை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அண்ணாச்சி, அந்தக் கேசட்டு ஒண்ணு" என்பார்கள். அவர் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். போய்ட்டு வாங்க என்று சொல்லமாட்டார்.

அது ஏன் அப்படி விற்றது என்று கம்பெனிக்காரர்களுக்குப் புரியவே இல்லை. பாட்டு பிடித்துப்போய் ஜனங்கள் வாங்குகிறார்கள் என்று நினைத்தார்கள். விஷயம் அது அல்ல. சாவு வீட்டில் போட்ட கேசட்டை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளமாட்டார்கள். மைக் செட்காரரும் தன் பெட்டியில் வைக்கமாட்டார். அடுத்த நாள் அதே பெட்டி கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமே! பாடை தெருமுனை திரும்பியதும் கேசட்டை எடுத்து ஓடையிலோ முள்ளுக்குள்ளோ எறிந்துவிடுவார்கள். அடுத்த சாவுக்குப் புதுசு வாங்குவார்கள். ஒரு வீட்டில் அப்பா, அடுத்த வருஷம் அம்மா என்றால் இரண்டு கேசட். தமிழ்நாடு முழுக்க இதே கதை. நாட்டில் அதிகமாக விற்கும் பாட்டுகளை ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பார்கள். அக்காவின் கேசட் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு எறியப்பட்டதால் விற்றது.

"இது ஓடாத ஊரு சாவே இல்லாத ஊராத்தான் இருக்கணும்" என்பார் அண்ணாச்சி. அக்காவும் ஆரம்பத்தில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் ஒரு சாவில் மைக் செட்காரர் பக்கத்தை மாற்றிப் போட்டு, இறந்த அம்மாளை 'என்னை ஆண்ட ராசாவே' என்று அரை மணி நேரம் அழவைத்துவிட்டாராம். அதைக் கேள்விப்பட்டு அக்கா மில் கேன்டீனில் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "இருக்குறப்ப ஒரு நாளாச்சும் ராசாவா இருந்திருப்பாளா? செத்தாவது இருந்துட்டுப் போறா" என்றார்.

சிரிப்பு குறைந்தது மதுரை விழாவிலிருந்து. அதிகமாக விற்ற கேசட்டுகளுக்குக் கம்பெனி ஒரு விழா எடுத்தது. தென்மாவட்டத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்திப் பாட்டுக்காரர் ஒருவர், நகைச்சுவை நாடகக் கேசட் போட்ட இருவர், அப்புறம் எங்கள் அக்கா. எல்லாரையும்விட அதிகம் விற்றது இந்த அம்மாவின் கேசட்தான் என்று மைக்கில் சொன்னார்கள். பக்திப் பாட்டுக்காரர் பாடினார். நாடகக்காரர்கள் இரண்டு வசனம் பேசினார்கள். அக்காவுக்குச் சால்வை போட்டுக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர், "அந்தம்மாவையும் ரெண்டு வரி பாடச் சொல்லுங்க" என்று கத்தினார். முதலாளி பதறிப்போனார். "நல்ல காரியம் நடக்கிற இடம், வேண்டாம், வேண்டாம்" என்றார். மைக்கை மூட மறந்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அக்கா சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவந்தார். "எங்குரலை விக்கலாமாம். கேக்கத்தான் கூடாதாம்" என்றார் என்னிடம். அந்தக் குத்துவிளக்கை அவர் ஒருநாளும் ஏற்றவில்லை.

ஆனால் அது எல்லாம் வெளியார் செய்த அவமானம். அக்கா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஸ்ரீவில்லிபுத்தூரில் காத்திருந்தது.

செல்விக்கு அங்கே மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம், பால்கோவா வியாபாரம். ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கிற அன்றைக்கு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறவர்கள். எல்லாம் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றுவதற்கு முந்திய நாள் தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. சம்பந்தி அம்மா தாராளமா மணவடையில வந்து உக்காரட்டும்ங்காக. பாட மட்டும் வேண்டாம்னு அவிய அபிப்பிராயப்படுதாக. குரலு எல்லாத்துக்கும் தெரிஞ்ச குரலு பாருங்க."

அக்கா சரி என்று தலையை ஆட்டினார். கல்யாணத்தன்று நலங்குப் பாட்டு மட்டும் அல்ல, அவர் பேசவும் இல்லை. வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றார். தண்ணீர் வேண்டும் என்றால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி என்னிடமே வந்து, "பாவம், பொண்ணோட அம்மா பிறவி ஊமையா?" என்று கேட்டாள். அதை அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மண்டபத்துச் சாம்பார்கூட எனக்கு இறங்கவில்லை.

செல்வி உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார், உத்திரத்தில் தொட்டில் கட்ட வளையம் மாட்டினார். "வேண்டாம், இங்கேயே பாத்துக்கிடுதோம்" என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

பேத்தி பிறந்து பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அக்கா வாங்கி மார்போடு அணைத்தார். அவர் வாய் தன்னால் திறந்தது. முதல் எழுத்து வருவதற்குள் செல்வி கையைப் பிடித்தாள்.

"அம்மா, பாட மட்டும் வேண்டாம்மா."

அக்கா வாயை மூடிக்கொண்டார். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அது அழுதுகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாமியார் வந்து வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பி அக்கா பஸ் ஏறினார். ஏறியதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். ஊருக்கெல்லாம் அத்தனை ராகத்தில் அழுத மனுஷிக்குத் தனக்காக அழும்போது ராகம் எதுவும் இல்லை.

"அவிய சொல்லியிருந்தா வெறகு மாதிரி கேட்டுட்டு வந்துருப்பேன். சொன்னவ எம்மகட்டி. அவளைத் தூங்க வச்ச தொண்டை இது. அவளுக்கே ஆகாமப் போச்சே" என்றார்.

அந்த அழுகைக்குப் பிறகுதான் அவருக்குப் பிடிவாதம் வந்தது. தனியாகவே மதுரைக்குப் போய்க் கம்பெனிக்காரர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு தாலாட்டுக் கேசட் போட வேண்டும் என்றார். இந்தக் குரலில் எதைப் போட்டாலும் விற்கும் என்று நினைத்த அந்த மனிதர் உடனே ஒத்துக்கொண்டார். அக்காவின் கணக்கு வேறு. தன் குரல் தொட்டிலுக்கும் ஆகும் என்று ஊர் ஒத்துக்கொண்டால் செல்வி வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள். வேறு எதற்காகவும் அவர் அதைப் பாடவில்லை.

இந்தத் தடவை யாருக்காகப் பாடுவது என்று அவர் கேட்கவில்லை. செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது மில் சங்கு ஊதினால் திடுக்கிட்டு முழித்துக்கொள்வாளாம். சங்கு ஊதினால் ஆத்தா வேலைக்குப் போய்விடுவாள் என்று அந்த வயதிலேயே தெரியும் போல. விடுமுறை நாளில் சங்கு ஊதும்போது அக்கா அவளுக்கென்று கட்டிப் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. கடைசிப் பாட்டாக அதைத்தான் வைத்தார்:

சங்கு ஊதிருச்சு, சாமி நீ முழிக்காதே,
ஆத்தா எங்கயும் போகலை, அசந்து தூங்கு கண்மணியே.

தொட்டில் படம் போட்ட அட்டையோடு கேசட் வந்தது. "ஒண்ணைக் கொண்டுபோய்ச் செல்வியிடம் கொடுக்க வேண்டியதுதானே" என்றேன். "நானாக் குடுத்தா அது அம்மா குடுத்த பண்டம், பெட்டியில கெடக்கும். ஊரெல்லாம் ஓடட்டும். பொறவு அவளே கடையில கேட்டு வாங்குவா பாரு" என்றார்.

ஓடவில்லை. அண்ணாச்சி கடை வாசலில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். கைப்பிள்ளையோடு நின்ற பெண்கள் அட்டையைப் பார்த்து ஆசையாக எடுப்பார்கள். இரண்டு வரி கேட்டதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். "இது அந்தம்மா தொண்டையில்ல?" என்பார்கள். பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கிப்போன ஒருத்தி அன்று சாயங்காலமே திரும்பிவந்தாள். "கொறை சொல்லல அண்ணாச்சி. நல்லாத்தான் பாடுதாக. எங்க அப்பா செத்தன்னைக்கு இந்தக் குரலுதான் பாடுச்சு. தொட்டில ஆட்டையில அப்பா மொகம்தான் வருது" என்று அழுதாள். அவளை என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னது பொய் அல்ல.

கம்பெனி எல்லாவற்றையும் திரும்பக் கேட்டது. அண்ணாச்சி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தன்னிடம் இருந்த ஒன்றையும் கொண்டுவந்து கட்டின் மேல் வைத்தார். "ஊருக்கு வேண்டாத பண்டம் எனக்கு மட்டும் என்னத்துக்கு?" என்றார். அவருடைய ரோஷம் அப்படி. வேண்டாம் அக்கா என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

சில மாதங்கள் கழித்துப் புதிதாக வந்த ஒப்பாரிக் கேசட்டுகளில் லேபிள் தடிப்பாக இருந்தது. அண்ணாச்சி நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் தொட்டில் கயிறு தெரிந்தது. விற்காத தாலாட்டின் மேலேயே ஒப்பாரியைப் பதிவுசெய்து, லேபிள் மேல் லேபிள் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நாடா வீணாகக் கூடாதல்லவா, வியாபாரம்! அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கட்டை விற்காமல் திருப்பி அனுப்பினார். தவறிப்போன ஒன்றிரண்டு பரணில் கிடந்தன. அக்கா கடைக்கு வந்து தானும் ஒன்றைச் சுரண்டிப் பார்த்தார்.

"தொட்டில் கம்புலயே பாடையக் கட்டிட்டானுவளே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. தெருவில் சாவு விழுந்தால் போவார், மாலை போடுவார், ஓரமாக உட்காருவார். பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தால், "அதான் கேசட்டு இருக்குல்ல, அதைப் போடுங்க" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாதம் ஒருமுறை போய்ப் பேத்திக்குக் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மாச்சி அதிகம் பேசாத ஒரு ஆள் என்றுதான் தெரியும். செல்வி மோசமான மகள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பயந்து பயந்து நடந்தாள். அவள்மேல் எனக்கு இருந்த கோபத்தை அக்கா ஒருநாளும் ஆமோதித்ததில்லை.

அன்று நானும் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தபோது அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். காலையில் பால் வாங்க வெளியே வராததால் அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார். மைக் செட் பாடிக்கொண்டிருந்தது, பி பக்கம். செல்வி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கண் வறண்டு, தொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அக்கா பஸ்ஸில் சொன்னது போலவே நின்றாள். அவளுக்குப் பதிலாக அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். என் குரல் வராத அந்த இடம் வந்தது. இந்தத் தடவை நான் அதை நிரப்பினேன்.

பி பக்கம் முடிந்தது. தூக்க ஆயத்தம் செய்தார்கள். சங்கு ஊதுகிறவர் வாசலில் நின்று ஊதினார். மைக் செட்காரர் பந்தக்காலில் சுற்றிய ஒயரை அவிழ்த்துக்கொண்டிருந்ததால் நாடா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு ஒரு சொல்லின் நடுவிலிருந்து அக்காவின் குரல் கிளம்பியது.

'...ஊதிருச்சு, சாமி நீ முழிக்காதே. ஆத்தா எங்கயும் போகலை...'

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மைக் செட்காரர் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பெட்டியை நோக்கி ஓடினார்.

"நிப்பாட்டாதீக!" என்று செல்வி கத்தினாள். அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அப்படியே உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வயதுப் பேத்தி செல்வியின் தோளைத் தட்டினாள்.

"அம்மா, யாரும்மா பாடுறது?"

"அம்மாச்சி."

"அம்மாச்சிக்குப் பாடத் தெரியுமா?"

 பாட்டு முடிந்து பெட்டி 'டக்'கென்று நின்றது. பிறகுதான் தூக்கினார்கள்.

அண்ணாச்சி என் காதோரம் குனிந்து சொன்னார். கடையில் வேறு இல்லாததால் பரணில் மிஞ்சிக் கிடந்த ஒட்டு லேபிள் கேசட்டைத்தான் அன்று எடுத்துக் கொடுத்தாராம். ஒப்பாரியைவிடத் தாலாட்டு கொஞ்சம் நீளம். மேலே பதிந்தவர்கள் ஒப்பாரி முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள், கடைசித் தாலாட்டு அழியாமல் தங்கிவிட்டது. ஒப்பாரி முடிந்ததும் எல்லா மைக் செட்காரர்களும் நிறுத்திவிடுவதால் ஒருவர் காதிலும் விழவில்லை.

பாடை தெருமுனை திரும்பியதும் மைக் செட்காரர் வழக்கம்போலக் கேசட்டை வெளியே எடுத்தார். எறிவதற்குள் அதன் பிளாஸ்டிக் பெட்டியோடு வாங்கிக்கொண்டேன். "அம்மா, அது ஆகாதும்மா" என்றார். எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும்.

பதினாறாம் நாள் சாயங்காலம் செல்வி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சித்தி, எங்க அம்மா கேசட்டு ஒங்ககிட்ட இருக்குன்னாக. குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

இத்தனை வருஷத்தில் அதை 'அந்த' என்று சொல்லாமல் ஒருவர் கேட்டது அன்றுதான். "அத்தை ஏதும் சொல்லமாட்டாகளா?" என்று கேட்டேன். "சொன்னாச் சொல்லட்டும்" என்றாள்.  பெட்டியை விட்டுவிட்டுக் கேசட்டை மட்டும் கைப்பையில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அதை அவள் அந்த வீட்டில் போட்டாளா, பேத்தி கேட்டாளா, எனக்குத் தெரியாது. இன்னும் கேட்கத் துணிவு வரவில்லை.

என்னிடம் தங்கியது அதன் பிளாஸ்டிக் பெட்டியும் அட்டையும்தான். அட்டையிலும் ஒட்டுதான். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து மேல் தாளை எடுத்துவிட்டேன். தொட்டில் நன்றாகத் தெரிகிறது. அதன் கீழே அக்காவின் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன காலிப் பெட்டி என்று கேட்டால், வெள்ளத்தாய் பாடிய தாலாட்டு என்று சொல்கிறேன்.